சொக்லேட் கறுவாச் சுருள்: திருகோணமலைச் சூட்டில் பதமாகச் சுடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியில் என் வீட்டுக் குசினியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான்கைந்து பேருக்குப் பணிஸ் வகைகள் சுடக் கற்றுக்கொடுக்கிறேன். வந்து போனவர்களும் அவர்களிடம் கேள்விப்பட்டவர்களும் ஓயாமல் கேட்பது சொக்லேட் கறுவாச் சுருளைப் பற்றித்தான். "அக்கா, குறிப்பில் உள்ளபடியே செய்தேன், பிழைத்துவிட்டது" என்றுதான் பெரும்பாலான கேள்விகள் தொடங்கும். குறிப்பில் பிழை இருப்பதில்லை. அதை எழுதியவரின் குசினியில் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம்முடையதில் பகல் 11 மணிக்கே 32. இந்த 12 பாகையைச் சமாளிக்கத் தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் கைப்பழக்கம். எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கறுவாச் சுருள் என்பது என்ன? நம் பேக்கரிப் பணிசுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

பால், பட்டர், முட்டை சேர்த்துக் குழைத்துப் பொங்கவைத்த மாவை நீள்சதுரமாக உருட்டி, அதன்மேல் பட்டர், சீனி, கறுவாத்தூள் கலவையைப் பூசி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, துண்டு போட்டுச் சுடுவது. கலவையில் கொக்கோவும் சொக்லேட்டும் சேர்ந்தால் சொக்லேட் கறுவாச் சுருள். சுருட்டிச் செய்யும் பணிஸ் நமக்குப் புதியதில்லை. பாட்டோடு தெருத்தெருவாகப் பாண் விற்றுவரும் சூன் பாண் வண்டியின் கிம்புலா பணிசும் சுருட்டிய மாதான். அதற்குச் சீனி வெளியே, இதற்கு உள்ளே.

சுவீடனில் இதைத் தேசியப் பண்டம் போலக் கொண்டாடுகிறார்கள். 1999 முதல் ஒக்டோபர் 4 ஆம் திகதி அங்கே கறுவா பணிஸ் நாள். அவர்கள் மாவிலேயே ஏலக்காயும் இடித்துப் போடுவார்கள். நமக்கு அது கூடுதல் பொருத்தம். நான்கைந்து ஏலக்காயை இடித்து மாவில் சேர்த்துப் பாருங்கள்.

(தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: நாங்கள் கறுவா என்பது நீங்கள் பட்டை, இலவங்கப்பட்டை என்பதுதான். மா என்றால் மாவு, சீனி என்றால் சர்க்கரை, பாண் என்றால் பிரெட், பணிஸ் என்றால் பன்.)

சரியான அளவுகளைச் சொல்லுங்கள்.

12 சுருளுக்கு என் அளவு இது. மாவுக்கு: கோதுமை மா 500 கிராம், பால் 250 மில்லிலீட்டர், முட்டை ஒன்று, சீனி 70 கிராம், பட்டர் 75 கிராம், உடனடி ஈஸ்ட் 5 கிராம், உப்பு 6 கிராம். உப்புச் சேர்த்த பட்டர் என்றால் உப்பை 5 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பூச: மென்மையான பட்டர் 80 கிராம், சிவப்புச் சீனி 100 கிராம், கறுவாத்தூள் 10 கிராம், கொக்கோத் தூள் 20 கிராம், பொடியாக நறுக்கிய சொக்லேட் 80 கிராம், ஒரு சிட்டிகை உப்பு.

கோப்பையால் அளக்காதீர்கள். அள்ளி அமுக்கிய கோப்பைக்கும் தளரப் போட்ட கோப்பைக்கும் இடையில் 30 கிராம் மா கூடிக் குறையும். நான்கு கோப்பைக்கு அது 120 கிராம். சுருள் கல்லாவதற்கு அது போதும். சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். ஓவன் வாங்குவதற்கு முன்னரே தராசு வாங்குங்கள் என்றுகூடச் சொல்வேன்.

எந்த மா நல்லது?

கடையில் கிடைக்கும் சாதாரண கோதுமை மாவே போதும். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு நெருக்கம் உண்டு. சீனக்குடாவில் 1980 இல் இயங்கத் தொடங்கிய பிரிமா ஆலை, ஒரே வளாகத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய மா ஆலைகளில் ஒன்று. கப்பலில் வரும் கோதுமை நம் துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே அரைபட்டு, நாடெங்கும் பாணாகவும் ரொட்டியாகவும் போகிறது. பேக்கரிகளுக்கென்று விற்கும் மா கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் புரதம் சற்று அதிகம் என்பதால் மா நன்றாக இழுபடும். ஆட்டா மாவை நான்கில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்க வேண்டாம். தவிடு இழையை அறுத்துவிடும்.

எதை வாங்கினாலும் மாவை அரியுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில், அதாவது ஒக்டோபர் தொடங்கித் தை வரை, மா ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அப்போது பாலில் இரண்டு மேசைக்கரண்டியைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்து, கை சொன்னால் மட்டும் சேருங்கள்.

மா ஒரு முறை மிக வேகமாகப் பொங்கிச் சரிந்துவிடுகிறது, இன்னொரு முறை பொங்குவதே இல்லை. ஏன்?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

ஈஸ்ட் உயிருள்ள பொருள். 25 முதல் 27 பாகை வரை உள்ள மாவில் நிதானமாக வேலை செய்து, காற்றையும் மணத்தையும் சேர்த்துத் தரும். 35 ஐத் தாண்டினால் அவசரப்பட்டுப் பொங்கும். மா பெருக்கும், சுவை வராது. 55, 60 பாகைச் சூட்டில் செத்துவிடும். குளிர்நாட்டுக் குறிப்புகள் "பாலை வெதுவெதுப்பாக்கி ஈஸ்ட்டைச் சேருங்கள்" என்று சொல்வது அவர்கள் குசினி குளிர்ந்து கிடப்பதால். நாம் அதையே செய்தால் ஏற்கனவே 31 பாகையில் இருக்கும் மாவுக்கு மேலும் சூடு ஏற்றுகிறோம்.

ஒரு கச்சான் காலத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். தென்மேற்கிலிருந்து அந்தக் காய்ந்த காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பின்னேரம்வரை சுவரே சுடும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மாவை மூடிவைத்துவிட்டுப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவரப் போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தபோது மூடியைத் தள்ளிக்கொண்டு மா சட்டியின் விளிம்பால் வழிந்து மேசையில் தொங்கியது. விரலால் தொட்டதும் பெருமூச்சு விட்டதுபோல அமிழ்ந்தது. மணம் அப்படியே கள்ளு. அந்த மாவைச் சுட்டேன். மேலே வெளிறியும் உள்ளே புளித்தும் இருந்தது. ஈஸ்ட் சீனியைத் தின்று தீர்த்துவிட்டால் நிறம் வருவதற்கும் எதுவும் மிஞ்சாது.

அன்றிலிருந்து பாலை இரவே காய்ச்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் குளிரோடு அப்படியே மாவில் ஊற்றுகிறேன். பத்துப் பதினைந்து நிமிடம் கையால் குழைக்கும்போது உள்ளங்கைச் சூடும் அறைச் சூடும் சேர்ந்து மாவை 25 பாகைக்குக் கொண்டுவந்துவிடும். ஈஸ்ட் 7 கிராம் என்று வெளிநாட்டுக் குறிப்பு சொன்னால் 5 கிராம் போடுகிறேன். கச்சான் காலத்தில் 4. முதற்பொங்கல் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்; சுருட்டி அடுக்கிய பிறகு 25 முதல் 35 நிமிடம். இந்த நிமிடங்களையும் நம்பியிருக்க வேண்டாம். விரலை மாவில் தோய்த்து, பொங்கிய மாவை மெல்ல அமுக்குங்கள். குழி உடனே மேலெழுந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி எழுந்து நின்றால் அதுதான் பதம். எழவே இல்லையென்றால் பொறுத்தது போதும், உடனே ஓவனுக்குள் வையுங்கள்.

பொங்காததற்குப் பெரும்பாலும் காரணம் பழைய ஈஸ்ட். ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய பைக்கற்றின் திகதி சரியாகவே இருந்தது. ஆனால் வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் மாதக்கணக்காக இருந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் அரைக் கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஒரு தேக்கரண்டி சீனியும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டும் கலந்து வையுங்கள். பத்து நிமிடத்தில் நுரை தொப்பி போல எழவேண்டும். எழாவிட்டால் கொட்டிவிடுங்கள், அரைக் கிலோ மாவையாவது காப்பாற்றலாம். திறந்த ஈஸ்ட்டை மூடி இறுக்கிய போத்தலில் உறைபெட்டியில் வைத்தால் பல மாதங்களுக்கு உயிரோடு இருக்கும்.

கறுவாத்தூளை மாவிலேயே கலந்துவிட்டால் மணம் கூடாதா?

கூடும், ஆனால் மா சரியாகப் பொங்காது. கறுவாவின் மணத்துக்குக் காரணமான சின்னமல்டிஹைட் என்னும் எண்ணெய்ப் பொருள் நுண்ணுயிர்களைத் தடுக்கும் தன்மை கொண்டது. ஈஸ்ட்டும் நுண்ணுயிர்தான். ஒரு மேசைக்கரண்டித் தூளை மாவில் கலந்தால் பொங்கும் வேகம் கண்ணுக்குத் தெரியக் குறையும்.

மாவிலும் மணம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி. இரவு பால் காய்ச்சும்போது ஒரு விரல் நீளக் கறுவாக் குச்சியை உடைத்துப் போட்டு, ஆறியபின் வடியுங்கள். மணம் பாலில் இறங்கியிருக்கும், ஈஸ்ட்டைத் தடுக்கும் அளவுக்கு இருக்காது. பாலைக் காய்ச்சுவதில் இன்னொரு நன்மையும் உண்டு: பச்சைப் பாலில் உள்ள ஒருவகைப் புரதம் மாவின் இழையைத் தளர்த்திவிடும், காய்ச்சினால் அது அடங்கிவிடும். பால்மா கரைத்துப் பயன்படுத்தினாலும் கறுவாவுக்காக ஒரு கொதி விடுங்கள்.

எந்தக் கறுவாவை வாங்குவது? எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உலகம் ஏங்கி வாங்கும் பொருள் நம் நாட்டில் விளைகிறது.

கடைக்காரரிடம் குச்சியாகக் கேளுங்கள். நம் கறுவாக் குச்சியை முனையில் பார்த்தால் காகிதம் போன்ற மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுற்றுச் சுருண்டு, சுருட்டு போல நெருக்கமாக இருக்கும். விரலால் அழுத்தினால் நொறுங்கும். நிறம் இளமஞ்சள் கலந்த பழுப்பு. காசியா என்னும் வேறு மரத்தின் பட்டை தடித்து, இருபக்கமும் உள்நோக்கி ஒரே சுருளாக வளைந்து, கையால் உடைக்க முடியாத அளவுக்கு வன்மையாக இருக்கும். உலகக் கடைகளில் கறுவாத்தூள் என்ற பெயரில் பெருமளவு விற்பனையாவது காசியா. அதில் கூமரின் என்னும் பொருள் அதிகம். அளவு மீறித் தொடர்ந்து உண்டால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். நம் கறுவாவில் அது மிகச் சொற்பம். 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் "சிலோன் சினமன்" என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்புக் கொடுத்தது.

காலி, மாத்தறைப் பக்கம்தான் கறுவா அதிகம் விளைகிறது. திருகோணமலையின் வறண்ட மண்ணில் அதைத் தோட்டமாகப் பார்க்க முடியாது. ஆனாலும் நம் கோட்டைக்கும் கறுவாவுக்கும் கணக்கு ஒன்று உண்டு. போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தரின் உதவியை நாடிய கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன், போர்ச் செலவைக் கறுவா போன்ற விளைபொருள்களால் ஈடுசெய்வதாக 1638 இல் ஒப்பந்தம் செய்தான். அடுத்த ஆண்டே ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் அந்த மதில்களைக் கடக்கும்போதெல்லாம் என் கைப்பையில் இருக்கும் கறுவாக் குச்சிகள் நினைவுக்கு வரும்.

தரங்களில் அல்பா எனப்படுவது மிக மெல்லிய, விலைகூடிய குச்சி. சுருளுக்கு அதுவரை போகத் தேவையில்லை. சி-5 தரமோ அதற்கு அடுத்ததோ போதும். குச்சிகளை ஒருமணி நேரம் வெயிலில் காயவைத்து, அம்மியிலோ உரலிலோ உடைத்து, மின்னரைப்பானில் அரைத்து, மெல்லிய அரிதட்டில் அரியுங்கள். அரிக்காவிட்டால் நாக்கில் மரத்தூள் போல நெருடும். அரைத்த தூளின் மணம் ஒரு மாதத்தில் பாதி போய்விடும், அதனால் 50 கிராமுக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள்.

அளவில் ஒரு திருத்தம். நம் கறுவா மென்மையானது, இனிப்பு சாயல் கொண்டது. காசியாவைப் போல நாக்கைச் சுடாது. சொக்லேட்டோடு சேரும்போது அதன் குரல் அமுங்கிப் போகும். காசியாவை மனத்தில் வைத்து எழுதிய குறிப்பைப் பின்பற்றினால் கறுவாவை ஒன்றரை மடங்காக்கி, கொக்கோவைச் சற்றுக் குறையுங்கள்.

எந்தச் சொக்லேட்? கொக்கோத் தூள் மட்டும் போதாதா?

இரண்டும் வேண்டும். கொக்கோத் தூள் கசப்பையும் நிறத்தையும் தரும். நறுக்கிய சொக்லேட் கடிக்கும்போது உருகிய பொட்டுகளாக இருக்கும். தூள் மட்டும் போட்டால் அது பட்டரிலுள்ள ஈரத்தை இழுத்துச் சுருளின் உட்புறத்தை வறட்டிவிடும்.

உண்மைச் சொக்லேட்டில் இருப்பது கொக்கோ வெண்ணெய். அது உருகும் சூடு ஏறத்தாழ 34 பாகை. நம் பகலில் மேசையிலேயே உருகும். அதனால் நறுக்கியவுடன் குளிரில் வைத்து, சுருட்டும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள். "சமையல் சொக்லேட்" என்று கட்டியாக விற்பதில் பெரும்பாலும் தாவரக் கொழுப்புத்தான் இருக்கும். அது வெயிலுக்கு எளிதில் இளகாது, விலையும் குறைவு, ஆனால் வாயில் மெழுகுப் படலம் போல ஒட்டும். மேலே ஊற்ற அதைப் பயன்படுத்துங்கள், உள்ளே வைக்க நல்லதை வாங்குங்கள்.

எவ்வளவு நேரம் குழைக்க வேண்டும்?

கையால் 12 முதல் 15 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் பட்டர் சேர்க்காமல் குழையுங்கள், பிறகு சிறிது சிறிதாகச் சேருங்கள். பட்டர் சேர்த்ததும் மா பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். இந்தக் கட்டத்தில்தான் எல்லோரும் பயந்து மா தூவுகிறார்கள். தூவாதீர்கள். பரோட்டாவுக்கு அடிப்பதுபோல மேசையில் அடித்து மடித்து, அடித்து மடித்துப் போனால் மூன்று நான்கு நிமிடத்தில் தானாகவே கையை விட்டு விலகும். எலுமிச்சம்பழ அளவு மாவைக் கிள்ளி விரல்களால் விரித்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்குத் தோல் போல விரிந்தால் போதும்.

மறுநாளே இறுகிப் போகிறது. மென்மையாக இருக்க என்ன செய்யலாம்?

கூழ் காய்ச்சுங்கள். மொத்த அளவிலிருந்தே 25 கிராம் மாவையும் 125 மில்லிலீட்டர் பாலையும் எடுத்து, கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் துழாவுங்கள். 65 பாகை வரும்போது கரண்டி போன தடம் தெரியும் அளவுக்குத் தடிக்கும். நம் வீடுகளில் கூழும் களியும் கிண்டிய கைகளுக்கு அந்தப் பதம் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்றாக ஆறவைத்து மிச்ச மாவோடு சேருங்கள். வெந்த மாச்சத்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மூன்று நாள்வரை மென்மை குறையாது. கிழக்காசிய நாடுகளில் பாணுக்கு இப்படிச் செய்வார்கள். என் வகுப்பில் இதைச் செய்துபார்த்த யாரும் பழைய முறைக்குத் திரும்பவில்லை.

சுருட்டும்போது பட்டர் உருகி வெளியே வருகிறது, வெட்டினால் நசுங்குகிறது.

பொங்கிய மாவை 30 க்கு 45 சென்ரிமீற்றர் அளவில் உருட்டுங்கள். பட்டர், சீனி, கறுவா, கொக்கோ, உப்பு எல்லாவற்றையும் முதலிலேயே குழைத்துப் பசையாக்கி வையுங்கள். தனித்தனியாகத் தூவினால் சீனி கீழே கொட்டும். இந்தப் பசையில் ஒரு மேசைக்கரண்டி மா சேர்த்தால் ஓவனில் வழிந்து அடியில் கருகாது. தூரப்பக்கம் ஒரு விரல் அகலம் பூசாமல் விட்டு, நீளப் பக்கத்திலிருந்து சுருட்டுங்கள். மிக இறுக்கினால் வேகும்போது நடுப்பகுதி கோபுரம் போல எழும்பும், தளர விட்டால் ஓட்டை விழும்.

சுருட்டிய உருளையைத் தட்டோடு 20 நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வாடைக் காலத்தில் இதைத் தவிர்க்கலாம், கச்சான் காலத்தில் தவிர்க்கவே முடியாது. பிறகு கத்தியை மறந்துவிட்டுத் தையல் நூலை எடுங்கள். உருளைக்கு அடியால் நூலைச் செருகி, இரு முனைகளையும் மேலே கொண்டுவந்து குறுக்காக மாற்றி இழுத்தால், சுருள் வட்டம் குலையாமல் துண்டாகும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலு சென்ரிமீற்றர். வால் முனையை அடியில் மடக்கி, தட்டில் ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். பொங்கும்போது ஒன்றோடொன்று தோள்சேர வேண்டும். அப்போதுதான் பக்கங்கள் மென்மையாக இருக்கும்.

மேல் கருகிவிட்டது, நடு வேகவில்லை. ஓவன் பழுதா?

பழுதாக இருக்காது. 25, 30 லீட்டர் மேசை ஓவன்களில் மேல்கம்பி பணிசுக்கு மிக அருகில் இருக்கும். தட்டைக் கீழ்த்தளத்தில் வைத்து, 180 பாகையில் 22 முதல் 25 நிமிடம் சுடுங்கள்; 12 நிமிடத்தில் நிறம் வந்ததும் மேலே அலுமினியத் தாளைத் தளர மூடுங்கள். முன்கூட்டி 15 நிமிடமாவது சூடேற்றுங்கள். வெப்பமானி இருந்தால் நடுச் சுருளின் உள்ளே 90 பாகை காட்டவேண்டும். சொக்லேட் இருப்பதால் நிறத்தைப் பார்த்து ஏமாந்துபோக நேரும். நடுச் சுருளை முள்ளால் மெல்ல உயர்த்தி, இழை பஞ்சாக வருகிறதா, பசையாக வருகிறதா என்று பாருங்கள்.

ஓவன் இல்லாமல் செய்யலாமா?

செய்யலாம். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததையும், எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் என் ஓவன் துணி போர்த்திக் கிடந்தது. அம்மாதான் தன் சிறுவயதில் வீட்டில் கேக் சுட்ட முறையைக் காட்டினார். அடிகனமான பெரிய சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கழுவிக் காயவைத்த ஆற்று மணல், அதன்மேல் ஒரு கம்பி வளையம், அதன்மேல் சுருள் அடுக்கிய தட்டு. சட்டியை ஒரு தகர மூடியால் மூடி, மூடியின் மேலே சிரட்டைத் தணலைப் பரப்பினார். கீழே ஒரு பங்கு தணல், மேலே இரண்டு பங்கு. சட்டியை மட்டும் முதலில் கால் மணி நேரம் சூடேற்றிவிட்டுத்தான் தட்டை உள்ளே வைத்தோம். 35 நிமிடத்தில் மூடியைக் குறட்டால் தூக்கியபோது எழுந்த ஆவியில் கறுவாவும் சிரட்டைப் புகையும் சேர்ந்து மணத்தன. அந்த மணம் ஓவனில் வராது. விறகுப் போறணையில் சுட்ட பாணை விரும்புகிறவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும்.

எரிவாயு அடுப்பில் செய்தால் கீழ்ச்சூடு மட்டுமே கிடைக்கும், மேல் நிறம் வராது. சொக்லேட் பாகு ஊற்றிவிட்டால் குறை தெரியாது. கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பும் சிப்பித் துகளும் இருக்கும், சூடேறியதும் வாடை வரும்.

முட்டை இல்லாமல் வேண்டும். இஸ்லாமிய நண்பர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 50 கிராம். எருமைத் தயிர் என்றால் மிக நல்லது. மா இன்னும் மென்மையாகும், சிறு புளிப்பு சொக்லேட்டுக்கு எடுப்பாக இருக்கும். மேலே முட்டை பூசுவதற்குப் பதில் பால் பூசுங்கள்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வரும் என் மாணவிகள் பொதி உறைகளைக் கவனமாக வாசிப்பார்கள். வனிலா எசன்சில் மதுசாரம் இருக்கிறதா, அலங்காரப் பொருள்களில் ஜெலட்டின் இருக்கிறதா, சொக்லேட்டில் ஹலால் முத்திரை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சுருளுக்கு வனிலா தேவையே இல்லை, கறுவா போதும்.

மேலே என்ன ஊற்றுவது? கிரீம் சீஸ் விலை கட்டுப்படியாகவில்லை.

தயிரைத் துணியில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தின் மேல் ஆறு மணி நேரம் தொங்கவிடுங்கள். நீர் வடிந்தபின் 200 கிராம் தயிருக்கு 60 கிராம் ஐசிங் சீனி சேர்த்துக் கலக்குங்கள். கிரீம் சீஸ் பூச்சுக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததில்லை. ஆனால் பூசியதை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். நெடுநேரம் வெளியே இருக்கப்போகிறது என்றால் ஐசிங் சீனியில் இரண்டு கரண்டி பால் கலந்து கோடுகளாக ஊற்றுங்கள், அது கெடாது.

நோன்பு திறக்கும் நேரத்துக்கோ காலைச் சாப்பாட்டுக்கோ சூடாகத் தர முடியுமா?

சுருட்டி, வெட்டி, தட்டில் அடுக்கி, இறுக்கமாக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் 8 முதல் 12 மணி நேரம் வைக்கலாம். எடுத்து 40 நிமிடம் வெளியே வைத்து, பொங்கியதும் சுடுங்கள். இரவு முழுவதும் மெதுவாகப் பொங்கிய மாவில் சுவை கூடும். எனக்கு இந்த முறைதான் மிகவும் பிடித்தது. இதற்கு ஈஸ்ட்டை 4 கிராமாகக் குறையுங்கள். இடையில் மின்சாரம் நின்றால் பெட்டியைத் திறக்காதீர்கள். இரண்டு மணி நேரம்வரை தாங்கும், அதற்கு மேல் போனால் காலை வரை காத்திராமல் சுட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பூச்சு இல்லாமல், காற்றுப்புகாத பெட்டியில், வெளியே இரண்டு நாள். மழைக்காலத்தில் ஒரு நாள்தான், பூஞ்சணம் பிடித்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கெடாது, ஆனால் மாச்சத்து அந்தக் குளிரில்தான் மிக விரைவாக இறுகும். நீண்ட நாள் வைக்க வேண்டுமானால் உறைபெட்டி. ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்தால் ஒரு மாதம். உண்ணும்போது இட்லிச் சட்டியில் மூன்று நிமிடம் ஆவி காட்டுங்கள்.

வீட்டிலிருந்து விற்கலாமா?

விற்கலாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் போய்ப் பதிவு விவரம் கேளுங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சித்திரை முதல் புரட்டாதி வரை விருந்தினர் காலம். காலைச் சாப்பாட்டுக்குக் கேட்கும் விடுதிகள் இருக்கும். விலை போடும்போது மின்கட்டணத்தையும் உங்கள் கைக்கூலியையும் சேருங்கள். பெண்கள் பலர் தங்கள் உழைப்பைக் கணக்கில் எழுதுவதே இல்லை, அது எனக்குப் பெரும் வருத்தம்.

உருளையின் இரு முனைகளிலும் மிஞ்சும் கோணல் துண்டுகளை என்ன செய்வது?

எறியாதீர்கள். சிறிய கிண்ணங்களுக்குப் பட்டர் பூசி, ஆளுக்கொன்றாகப் போட்டு, மற்றவற்றோடு ஓவன் ஓரத்தில் வையுங்கள். 15 நிமிடத்தில் வெந்துவிடும். எங்கள் வீட்டில் அவை பக்கத்து வீட்டுச் சின்னவளுக்கு உரியவை. மணம் வேலியைத் தாண்டியதும் வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவாள். வெளிச்சுற்றிலிருந்து நாடாவைப் போல மெல்ல அவிழ்த்து அவிழ்த்துத் தின்று, சொக்லேட் தேங்கிய நடுப்பொட்டைக் கடைசிவரை உள்ளங்கையில் பொத்தி வைத்திருப்பாள்.